சைக்கிள் ஃபிரேமுக்கு நாமே பெயிண்ட் அடிப்பது: நிறம் தேர்வு முதல் கடைசிக் கை வரை

கார் கதவுக்குக் கண்ணாடி போலப் பெயிண்ட் அடிக்கும் ஒருவரிடம் சைக்கிள் ஃபிரேமைக் கொடுத்தால், முதல் தடவை அவரும் கொஞ்சம் திணறத்தான் செய்வார். கதவு தட்டை. ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நேராகக் கையை ஓட்டினால் போதும். ஃபிரேமோ எட்டு ஒல்லிக் குழாய்களும் அவை வந்து முட்டும் இடுக்குகளுமாக இருக்கிறது. அடிக்கிற பெயிண்டில் பாதி குழாயைத் தாண்டிக் காற்றில் போய்விடும். படிய வேண்டிய மூலையில் படியாது, படியக் கூடாத மரைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும்.

நிறம் தேர்ந்தெடுப்பதிலிருந்து தேய்ப்பது, மறைப்பது, அடிப்பது, காயவிடுவது வரை எல்லா முடிவும் இந்தக் குழாய்–இடுக்கு விவகாரத்தில்தான் வந்து நிற்கும். அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

ஃபிரேம் எதனால் ஆனது?

ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டினால் ஸ்டீல். ஒட்டாவிட்டால் அலுமினியம், கார்பன், டைட்டானியம் மூன்றில் ஒன்று. விரல் நகத்தால் தட்டினால் கார்பன் மந்தமாக, பிளாஸ்டிக் போலச் சத்தம் கொடுக்கும்; உலோகம் கணீரென்று ஒலிக்கும்.

ஸ்டீல்தான் புதியவர்களுக்கு ஏற்றது. பெயிண்ட் நன்றாகப் பிடிக்கும், தப்பு செய்தாலும் உரித்துவிட்டு மறுபடி ஆரம்பிக்கலாம். துரு ஒன்றுதான் எதிரி. அலுமினியத்தின் மேல் எப்போதும் ஒரு மெல்லிய ஆக்சைடு படலம் இருக்கும். சாதாரண பிரைமர், அதாவது நிறத்துக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு, அதன்மேல் சரியாகப் பிடிக்காது. சில மாதத்தில் தகடு தகடாகக் கழன்று வரும். அதற்கு அமிலம் கலந்த எட்ச் பிரைமரோ எப்பாக்ஸி பிரைமரோ வேண்டும். டைட்டானியம் துருப்பிடிக்காது என்பதால், அதைப் பெரும்பாலும் பெயிண்ட் இல்லாமலே விட்டுவிடுகிறார்கள்.

கார்பன் விஷயத்தில் மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். பெயிண்ட் ரிமூவர் தடவவே கூடாது. கார்பன் இழைகளைப் பிடித்து வைத்திருப்பது எப்பாக்ஸி பிசின். ரிமூவர் அதையும் கரைத்துவிடும். மணல் வீச்சும் கூடாது, அடுப்பில் வைக்கும் பவுடர் கோட்டிங்கும் கூடாது. பழைய பெயிண்டை 600 நம்பர் வாட்டர் பேப்பரால் (தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் உப்புத்தாள்) மெதுவாகச் சொரசொரப்பாக்கி, அதன் மேலேயே புது நிறம் அடிப்பதுதான் உத்தமம். தேய்க்கும்போது தண்ணீர் கறுப்பாக ஓட ஆரம்பித்தால், பெயிண்ட் கறுப்பாக இல்லாத பட்சத்தில், நீங்கள் இழையையே தேய்க்கிறீர்கள் என்று அர்த்தம். அந்த இடத்தில் நிறுத்திவிடுங்கள்.

எந்த உலோகமானாலும், பெயிண்டைத் தொடும் முன் வெல்டிங் ஓரங்களை வெளிச்சத்தில் பாருங்கள். மயிரிழைபோல ஒரு கோடு தெரிந்தால், அது பெயிண்டில் விழுந்த வெடிப்பா உலோகத்தில் விழுந்த வெடிப்பா என்று சுரண்டிப் பார்த்துவிட வேண்டும். வெடித்த ஃபிரேமுக்குப் பெயிண்ட் அடிப்பது ஆபத்தை மூடி மறைக்கும் வேலை.

பவுடர் கோட்டிங்கா, ஸ்ப்ரேயா?

பவுடர் கோட்டிங்கில் திரவமே கிடையாது. மின்னேற்றம் பெற்ற தூளை ஃபிரேமின் மேல் தூவி, சுமார் 180 முதல் 200 டிகிரி செல்சியஸ் சூட்டில் உருக்கி இறுக்குகிறார்கள். கல் பட்டாலும் சுலபத்தில் பெயராது. தினமும் பூட்டிக் கட்டி, மழையில் நனைந்து, கம்பியில் சாய்ந்து கிடக்கும் சைக்கிளுக்கு இதைவிட நல்லது இல்லை. அதை வீட்டில் செய்ய முடியாது என்பதால், கொடுக்கும்போது கவனிக்க வேண்டியதை மட்டும் சொல்கிறேன்.

முதலாவது, பவுடர் அடிக்கும் முன் ஃபிரேமை மணல் வீசிச் சுத்தம் செய்வார்கள். நல்ல ஸ்டீல் ஃபிரேமில் குழாயின் நடுப்பகுதி அரை மில்லிமீட்டர் கனம்தான் இருக்கும். கேட்டுக்கும் கிரில்லுக்கும் பயன்படுத்தும் முரட்டு மணலை அதில் வீசினால் குழாயையே அரித்துவிடும். மென்மையான மணல்தான் வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இரண்டாவது, ஒடுக்கு விழுந்த இடத்தைச் சாதாரணப் பட்டி வைத்து நிரப்பிக் கொடுக்க முடியாது. அது அந்தச் சூட்டைத் தாங்காது. பசை வைத்து ஒட்டிய ஃபிரேம்களும் அடுப்புக்குப் போகக் கூடாது. மூன்றாவது, பவுடர் தடிமனாகப் படியும், சுமார் 60 முதல் 120 மைக்ரான் வரை. பழைய ஃபிரேம்களில் குழாய்களை இணைக்கும் வேலைப்பாடான லக்குகளின் கூர்மை அதில் மழுங்கிப்போகும்.

இரட்டை நிறம், நிறம் மாறி மாறிப் போவது, கிளியருக்கு (நிறமில்லாத மேல்பூச்சு) அடியில் எழுத்து, ஒடுக்கு சரிசெய்தல் இதெல்லாம் வேண்டுமென்றால் ஸ்ப்ரேதான். இனி வருவதெல்லாம் அதைப் பற்றித்தான்.

நிறம்: தட்டையான அட்டையை நம்பாதீர்கள்

கடையில் காட்டும் நிற அட்டை தட்டையானது. அதே நிறம் குழாயின் மேல் ஏறினால் வேறு முகம் காட்டும். நீளவாக்கில் ஒரு கோடு மட்டும் வெளிச்சம் வாங்கிப் பளிச்சென்று இருக்கும், இரண்டு பக்கமும் நிழலில் விழும். ஆகவே அட்டையில் பார்த்ததைவிட ஃபிரேமில் நிறம் எப்போதும் ஒரு படி அடர்த்தியாகத் தெரியும். கருநீலம் ஐந்து மீட்டர் தள்ளி நின்றால் கறுப்பு. கரும்பச்சையும் அப்படித்தான். மனதில் இருக்கும் நிறத்தைவிட ஒரு சாயல் இளசாகத் தேர்ந்தெடுத்தால்தான் மனதில் இருப்பது கிடைக்கும்.

இதற்கு ஒரு எளிய சோதனை. முப்பது சென்டிமீட்டர் பிளாஸ்டிக் குழாய்த் துண்டு ஒன்றை எடுத்து, சொரசொரப்பாக்கி, பிரைமர் அடித்து, வாங்க நினைக்கும் நிறத்தை அடியுங்கள். உச்சி வெயிலில் பாருங்கள், சாயங்காலம் பாருங்கள், ராத்திரி விளக்கில் பாருங்கள். சைக்கிளில் மாறாமல் இருக்கப்போகும் பொருட்களை, அதாவது சீட், கைப்பிடி டேப், சக்கரம், கிராங்க் இவற்றைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நான் ஆசைப்பட்டு வாங்கிய ஒரு சாம்பல் நிறம், பழுப்புத் தோல் சீட்டுக்குப் பக்கத்தில் வைத்ததும் சிமெண்ட் பூசியதுபோல ஆகிவிட்டது. ஒரு கேனோடு போயிற்று.

அடுத்து, நிறத்தின் மூடும் சக்தி. மஞ்சள், ஆரஞ்சு, பல சிவப்புகள் அடியில் இருப்பதை முழுசாக மறைக்காது. சாம்பல் பிரைமர் மேல் மஞ்சள் அடித்தால் அழுக்குப் பச்சை எட்டிப் பார்க்கும். அதற்கு வெள்ளைப் பிரைமர் வேண்டும். ஒளிரும் நிறங்களுக்கு வெள்ளை அடித்தளம் கட்டாயம், வெயிலில் சீக்கிரம் வெளுக்கவும் செய்யும். மூடாத நிறத்துக்கு நான்கு கைக்குப் பதில் ஏழு கை, அதாவது ஏழு பூச்சு, போகும். ஒவ்வொரு கையும் இடுக்குகளில் சேர்ந்து சேர்ந்து வழிய ஆரம்பிக்கும். முதல் ஃபிரேமுக்கு மஞ்சள் வேண்டாம் என்று நான் சொல்வதற்கு இதுதான் காரணம்.

மெட்டாலிக் பெயிண்டில் நுண்ணிய உலோகச் செதில்கள் மிதக்கும். அவை ஒரே மாதிரி படுத்தால்தான் அழகு. ஈரமாக அடித்த இடத்தில் ஒரு மாதிரி, உலர்வாக அடித்த இடத்தில் வேறு மாதிரி படுத்துத் திட்டுத் திட்டாகத் தெரியும். கடைசிக் கையைக் கொஞ்சம் தள்ளி நின்று பனிபோலத் தூவினால் ஓரளவு சரியாகும். கேண்டி நிறம் என்பது வெள்ளி அடித்தளத்தின் மேல் அடிக்கும், வண்ணம் கலந்த, கண்ணாடிபோல ஊடே தெரியும் வார்னிஷ். பார்த்தால் கண்ணை எடுக்க முடியாது. ஆனால் ஒவ்வொரு கைக்கும் நிறம் கூடிக்கொண்டே போகும். இடுக்குகளில் பெயிண்ட் அதிகம் படிவதால் குழாய் சிவப்பாகவும் மூட்டு கறுத்த சிவப்பாகவும் நிற்கும். மூன்றாவது நான்காவது ஃபிரேமுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மேட் முடிப்பு இப்போது பலருக்கும் பிடிக்கிறது. ஒடுக்கையும் மேடுபள்ளத்தையும் அது நன்றாக மறைக்கும்; பளபளக்கும் கறுப்போ ஒவ்வொரு நெளிவையும் காட்டிக்கொடுக்கும். மேட்டில் உள்ள சங்கடம், தப்பு நேர்ந்தால் தேய்த்து மெருகேற்ற முடியாது. மெருகு ஏறினால் அந்த இடம் மட்டும் பளபளக்கும். கைரேகையும் செயின் எண்ணெயும் கறையாக நிற்கும். இரண்டுக்கும் நடுவே சாட்டின் என்று ஒன்று உண்டு, அதில் பிரச்சினை குறைவு.

நிறத்தின் பெயரை நம்பாமல் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். 1927இல் ஜெர்மனியில் 40 நிறங்களோடு தொடங்கிய ரால் வரிசை, பவுடர் கோட்டிங் செய்கிறவர்களும் ஸ்ப்ரே கேன் விற்கிறவர்களும் பொதுவாகப் பேசும் மொழி. ரால் 5015 என்றால் வான நீலம், 3020 போக்குவரத்துச் சிவப்பு, 9005 கறுப்பு. பெயரை நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு நல்ல உதாரணம் 1885இல் தொடங்கிய இத்தாலிய நிறுவனமான பியாங்கி. அவர்களுடைய செலஸ்தே நிறம் உலகப் புகழ்பெற்றது. ஆனால் அதே பெயரில் ஒரு காலத்து ஃபிரேம் பச்சைப் பக்கமும் இன்னொரு காலத்து ஃபிரேம் நீலப் பக்கமும் சாய்ந்திருக்கும். பழைய நிறத்தையே மறுபடி கொண்டுவர நினைத்தால், வெயில் படாத இடத்தைத் தேடுங்கள். சீட்டை இறுக்கும் வளையமான சீட் கிளாம்ப்புக்கு அடியில் ஒளிந்திருக்கும் துளி நிறம்தான் நிஜமான சாட்சி.

மொத்தத்தில், முதல் தடவைக்கு என் யோசனை இது: மெட்டாலிக் இல்லாத, நன்றாக மூடக்கூடிய நடுத்தர நிறம் ஒன்று, அதன்மேல் பளபளப்புக் கிளியர். ஆசைக்கு ஹெட் டியூபிலோ (ஹேண்டில்பாருக்குக் கீழே உள்ள குட்டைக் குழாய்) ஃபோர்க்கிலோ (முன் சக்கரத்தைப் பிடிக்கும் கவை) இரண்டாவது நிறம்.

எவ்வளவு வாங்குவது?

குழாய்களின் நீளத்தையும் சுற்றளவையும் பெருக்கிப் பார்த்தால், சாதாரண ஃபிரேமின் மேற்பரப்பு அரைச் சதுர மீட்டர்கூட வராது. ஒரே கேன் போதும் என்று அந்தக் கணக்கு சொல்லும். ஆனால் குழாய் மூன்று சென்டிமீட்டர் அகலம், ஸ்ப்ரேயின் விசிறியோ அதைப்போல இரண்டு மூன்று மடங்கு. மீதியெல்லாம் காற்றுக்கு. ஃபிரேமும் ஃபோர்க்கும் சேர்த்து 400 மில்லி கேனில் பிரைமர் 1, நிறம் 2, கிளியர் 2 என்று வாங்குங்கள். மூன்றும் ஒரே நிறுவனத்தின் ஒரே வகையாக இருக்கட்டும். எனாமல் முழுசாகக் காயும் முன் அதன்மேல் லாக்கர் அடித்தால் அடியில் இருப்பதைக் கிளப்பிவிடும்.

பிரிப்பதும் உரிப்பதும்

எல்லா உதிரிகளையும் கழற்றுங்கள். ஹெட்செட் கப் (ஹேண்டில்பார் திரும்பும் பேரிங் கிண்ணம்), பாட்டம் பிராக்கெட் (பெடல் அச்சு சுழலும் இடம்), கியர் ஹேங்கர் (பின் கியரைத் தாங்கும் துண்டு) எதையும் விட்டுவைக்க வேண்டாம். கழற்றும்போது ஒவ்வொன்றையும் போட்டோ எடுங்கள், முக்கியமாக பாட்டம் பிராக்கெட்டுக்கு அடியில் உள்ள வரிசை எண்ணை. பிறகு பெயிண்ட் அதை நிரப்பிவிட்டாலும் உங்களிடம் ஆதாரம் இருக்கும்.

பழைய பெயிண்டை முழுசாக உரிக்கத்தான் வேண்டும் என்று இல்லை. பிளேடால் குறுக்கும் நெடுக்கும் இரண்டு மில்லிமீட்டர் இடைவெளியில் ஐந்தாறு கோடு கீறி, அதன்மேல் நல்ல டேப்பை அழுத்தி ஒட்டி, சடாரென்று பிடுங்குங்கள். சிறு சதுரங்கள் எதுவும் டேப்போடு வராவிட்டால் பழைய பெயிண்ட் திடமாக இருக்கிறது. 320, பிறகு 400 நம்பரால் பளபளப்பு போகும்வரை தேய்த்துவிட்டு மேலேயே வேலையைத் தொடரலாம். தொழிற்சாலையில் போட்ட அடித்தளத்தைவிட நல்ல அடித்தளத்தை வீட்டில் போட்டுவிட முடியாது.

சதுரங்கள் கழன்று வந்தால் உரித்துத்தான் ஆகவேண்டும். உலோக ஃபிரேமுக்கு ஜெல் ரிமூவரைத் தடவி, பிளாஸ்டிக் தாள் சுற்றி, அட்டையில் சொன்ன நேரம் வைத்து, பிளாஸ்டிக் சுரண்டியால் வழித்தெடுங்கள். பழைய ரிமூவர்களில் மெத்திலீன் குளோரைடு இருந்தது. காற்றோட்டம் இல்லாத இடங்களில் அது உயிரையே வாங்கியிருக்கிறது. 2019இல் அமெரிக்காவில் வீட்டு உபயோகத்துக்கு அதைத் தடைசெய்தார்கள். அது இல்லாத ரிமூவரைத் தேடி வாங்குங்கள், கொஞ்சம் மெதுவாக வேலை செய்தாலும் பரவாயில்லை. பல பத்தாண்டு பழைய ஃபிரேம் என்றால் பெயிண்டில் ஈயம் இருக்கக்கூடும். அதை உலர்வாகத் தேய்த்துத் தூள் கிளப்பாமல், தண்ணீர் தொட்டே தேய்க்க வேண்டும்.

ரிமூவர் இடுக்கில் ஒளிந்துகொள்ளும். கேபிள் தாங்கிக்கு அடியில், பின்குழாய்களை இணைக்கும் குறுக்குத் துண்டான பிரிட்ஜின் ஓரத்தில் துளி தங்கினாலும் ஒரு வாரம் கழித்துப் புதுப் பெயிண்டைக் கொப்புளமாக்கும். பழைய பல் துலக்கும் பிரஷ் இதற்குத்தான்.

துருவைச் சாம்பல் உலோகம் தெரியும்வரை எடுங்கள். ஒடுக்கு இருந்தால், சுத்தமான உலோகத்தின் மேலோ எப்பாக்ஸி பிரைமரின் மேலோ பட்டி வையுங்கள். எட்ச் பிரைமரின் மேல் பட்டி வைக்கக் கூடாது. அதிலுள்ள அமிலம் பட்டியைச் சரியாக இறுக விடாது. பட்டியைத் தேய்க்கும்போது விரலை வைத்துத் தேய்த்தால் குழாயில் பள்ளம் விழும். உப்புத்தாளைக் கீற்றாகக் கிழித்து, குழாயைச் சுற்றிப் பிடித்து, ஷூவுக்குப் பாலிஷ் துணி போடுவதுபோல இரண்டு பக்கமும் இழுங்கள். வளைவு வளைவாகவே இருக்கும்.

மறைக்க வேண்டியவை

பெயிண்டும் கிளியரும் சேர்ந்து 0.1 மில்லிமீட்டர் வந்துவிடும். அழுத்திப் பொருத்தும் ஹெட்செட்டுக்கு அதுவே பெரிய தடை. ஹெட் டியூபின் உட்புறம், அதன் மேல் கீழ் விளிம்பு, ஃபோர்க்கில் பேரிங் வளையம் உட்காரும் இடம், சீட் டியூபின் (சீட் கம்பி இறங்கும் குழாய்) உள், பாட்டம் பிராக்கெட்டின் மரையும் முகமும், டிஸ்க் பிரேக் பொருத்தும் முகம், சக்கர அச்சு உட்காரும் இடம் எல்லாவற்றையும் மறைக்க வேண்டும். பெரிய துளைகளில் சுருட்டிய அட்டை. பாட்டம் பிராக்கெட்டில் பழைய கப் இருந்தால் அதையே முறுக்கிவிடலாம். பாட்டில் தாங்கியின் சின்னத் துளைக்குக் காதில் வைக்கும் ஸ்பஞ்ச் அடைப்பான் அளவெடுத்துச் செய்ததுபோலப் பொருந்தும். சஸ்பென்ஷன் ஃபோர்க் என்றால் ஏறி இறங்கும் பளபளப்பான குழாய்களின் மேல் ஒரு துளிகூட விழக் கூடாது.

பிறகு சீட் டியூபில் ஒரு பழைய சீட் போஸ்ட்டைச் சொருகி, அதை ஸ்டாண்டில் பிடித்துக்கொள்ளுங்கள். ஃபிரேமின் எந்தக் குழாயையும் தொடாமல் சுற்றிச் சுற்றி வேலை செய்யலாம்.

பிரைமர்

மெழுகும் எண்ணெயும் எடுக்கும் திரவத்தால் துடைத்து, வேறொரு உலர்ந்த துணியால் உடனே ஒற்றி எடுங்கள். அதற்குமேல் வெறும் கையால் தொடாதீர்கள். சிலிக்கான் கலந்த பாலிஷோ ஸ்ப்ரேயோ பட்ட இடத்தில் பெயிண்ட் சிறு சிறு வட்டக் குழிகளாக விலகி நிற்கும். துடைக்கத் துடைக்கப் பரவும்.

அலுமினியத்தைத் தேய்த்த அன்றைக்கே பிரைமர் போட்டுவிட வேண்டும். ஸ்டீலையும் ராத்திரி முழுக்க அம்மணமாக விடாதீர்கள். ஈரக் காற்றில் காலைக்குள் துரு பூத்துவிடும். மெல்லிசாக இரண்டு மூன்று கை அடித்து, நன்றாகக் காய்ந்ததும் 600 நம்பர் வாட்டர் பேப்பரால் தேயுங்கள். குழாயின் நடுவில் தாராளமாகத் தேய்க்கலாம். வெல்டிங் மேட்டிலும் லக் ஓரத்திலும் கை லேசாகவே போகட்டும். அங்கேதான் பிரைமர் மெலிசு, இரண்டு இழுப்பில் உலோகம் தெரிந்துவிடும்.

நிறம் அடிக்கும் நாள்

வெப்பம் 20 டிகிரி சுற்றி, காற்றில் ஈரப்பதம் 60 சதவீதத்துக்குக் கீழ் இருந்தால் நல்லது. ஈரம் அதிகமான நாளில் லாக்கர் வெளுத்துப் பனி படர்ந்ததுபோல ஆகும். தரையில் தண்ணீர் தெளித்துத் தூசியை அடக்குங்கள். காற்றோட்டம் வேண்டும், காற்றடிப்பு வேண்டாம். துணி முகக்கவசம் பெயிண்ட் புகைக்கு உதவாது. கரிம ஆவியைத் தடுக்கும் வடிகட்டி பொருத்திய முகமூடி வேண்டும். பக்கத்தில் அடுப்போ தீப்பொறியோ கூடாது.

கேனைப் பத்து நிமிடம் வெதுவெதுப்பான தண்ணீரில் நிறுத்தி வையுங்கள். உள்ளே அழுத்தம் சீராகிப் பெயிண்ட் மெல்லிசாகச் சிதறும். கை பொறுக்கும் சூடு போதும். 50 டிகிரியைத் தாண்டினால் கேன் வெடிக்கலாம். கேனுக்குள் குண்டு உருளும் சத்தம் கேட்ட பிறகும் இரண்டு நிமிடம் குலுக்குங்கள்.

இப்போது வரிசை. குழாய்களை முதலில் அடிக்கத்தான் கை பரபரக்கும். அடக்கிக்கொள்ளுங்கள். பாட்டம் பிராக்கெட்டில் தொடங்குங்கள். சீட் டியூபும் டவுன் டியூபும் (முன்னிருந்து சரிந்து வரும் குழாய்) சேரும் உள்மூலை, பின்னால் செயின் ஸ்டேக்களின் (பின் சக்கரத்துக்குப் போகும் கீழ்க் குழாய்கள்) நடு இடுக்கு, அடிப்பக்கம் என்று ஒவ்வொன்றிலும் இரண்டு கோணத்திலிருந்து சின்னச் சின்னதாக ஒரு தட்டு. பிறகு பின்முக்கோணத்தின் உட்புறம், பிரேக் பிரிட்ஜ். பிறகு ஹெட் டியூபுக்குப் பின்னால் இரண்டு குழாய் சேரும் கவட்டை. இதெல்லாம் முடிந்த பிறகுதான் நீளக் குழாய்கள்.

குழாயை நான்கு பக்கமாக நினைத்துக்கொள்ளுங்கள்: அடி, இடம், வலம், மேல். 20 முதல் 25 சென்டிமீட்டர் தள்ளி, கை ஓட ஆரம்பித்த பிறகு பொத்தானை அழுத்தி, மூலைக்கு நாலு விரல்கடை முன்னாலேயே விட்டுவிடுங்கள். மூலை ஏற்கெனவே தன் பங்கை வாங்கிவிட்டது. பக்கத்துக் குழாய்கள் ஒவ்வொன்றையும் அடிக்கும்போது சிதறுவதும் அங்கேதான் போய்ச் சேரும். பாட்டம் பிராக்கெட்டுக்கு மேலே கண்ணீர்த்துளிபோல ஒரு வழிசல் பல சைக்கிள்களில் நிற்பது இதனால்தான்.

முதல் கை பிரைமர் தெரியும்படி வெறும் தூறலாக இருக்க வேண்டும். அதைப் பார்த்து மனசு கேட்காது, இன்னும் கொஞ்சம் என்று சொல்லும். வேண்டாம். பத்து நிமிடம் விட்டு இரண்டாவது, மூன்றாவது. நல்ல நிறம் மூன்று நான்கு கையில் மூடிவிடும். ஒரு டார்ச்சைத் தாழ்வாகப் பிடித்துக் குழாயோரமாக ஒளி விட்டுப் பார்த்தால் எங்கே ஈரம், எங்கே வறட்சி என்று தெரியும். பூச்சி வந்து உட்கார்ந்தால் விட்டுவிடுங்கள். காய்ந்த பிறகு எடுப்பது ஒரு நிமிட வேலை, ஈரத்தில் எடுக்கப்போனால் அரை நாள் வேலை. வழிசலும் அப்படித்தான்: இரண்டு நாள் காயவிட்டு, ஒரு தட்டையான குச்சியில் சுற்றிய 400 நம்பரால் மேட்டை மட்டும் இறக்கி, 600 ஓட்டி, மறுபடி அடியுங்கள்.

கேனின் அட்டையில் மறுபூச்சு நேரம் என்று ஒன்று போட்டிருக்கும். ஒரு மணி நேரத்துக்குள், அல்லது 24 மணி நேரம் கழித்து என்பதுபோல. அதை யாரும் படிப்பதில்லை, நானும் படிக்கவில்லை. என் முதல் ஃபிரேம் கரும்பச்சை. அடித்து முடித்து மூன்று மணி நேரம் கழித்துப் பார்த்தால் மேல் குழாயின் அடியில் உள்ளங்கை நீளத்துக்கு வெளுப்பு. ஒரே ஒரு இழுப்பு அடித்தேன். அரை நிமிடத்தில், ஆறிய பாலின் ஆடையைக் கரண்டியால் தள்ளியதுபோல அந்த இடம் முழுக்கச் சுருங்கிக்கொண்டது. மேலே தோல் காய்ந்து அடியில் ஈரமாக இருக்கும் அந்த இடைப்பட்ட நேரத்தில் புதுக் கரைப்பான் உள்ளே இறங்கினால் இதுதான் நடக்கும். மேல் குழாயை முழுசாகத் தேய்த்து இறக்கி, பிரைமரிலிருந்து மறுபடி வந்தேன்.

இரண்டாவது நிறமும் எழுத்தும்

நிறம் பிரியும் இடத்தைக் குழாயின் நடுவில் வைப்பதைவிட ஃபிரேமே கொடுக்கும் எல்லையில் வைப்பது சுலபம்: லக்கின் ஓரம், ஹெட் டியூபின் வெல்டிங் கோடு. குழாயின் நடுவில் கோடு வேண்டுமென்றால் மெல்லிய வினைல் டேப்பைப் பயன்படுத்துங்கள். சாதாரண மாஸ்கிங் டேப்பின் ஓரத்தில் பெயிண்ட் கசியும். டேப் ஒட்டிய பிறகு அதன் ஓரத்தில் முதலில் அடி நிறத்தையே லேசாக ஒரு கை அடியுங்கள். கசிந்தால் அந்த நிறமே கசிந்து ஓரத்தை அடைத்துவிடும். பிறகு அடிக்கும் இரண்டாவது நிறம் உள்ளே புக வழியிருக்காது. பெயிண்ட் முழுசாகக் காயும் முன், லேசாக ஒட்டும் பதத்தில், டேப்பைத் தன் மேலேயே மடக்கி மெதுவாக உரியுங்கள்.

ஸ்டிக்கர் ஒட்டும்போது சோப்புத் தண்ணீர் தெளித்தால் நகர்த்தி நேராக்க அவகாசம் கிடைக்கும். நடுவிலிருந்து ஓரத்துக்குத் தண்ணீரைத் தள்ளி, ஒரு நாள் உலரவிட்டுக் கிளியர் அடியுங்கள். ஸ்டிக்கர் மேல் போகும் முதல் கிளியர் வெறும் தூறலாக இருக்கட்டும், இல்லாவிட்டால் மை கலங்கும்.

கிளியர்

சாதாரணக் கேன் கிளியர் வீட்டில் அடிக்கலாம். ஆனால் பெட்ரோலோ, செயின் சுத்தம் செய்யும் திரவமோ, பிரேக் ஆயிலோ பட்டால் மங்கும். இறுக வைக்கும் ஹார்ட்னர் கலக்கும் 2கே கிளியர் அப்படியில்லை, கல்லுபோல நிற்கும். பிரச்சினை, அந்த ஹார்ட்னரில் உள்ள ஐசோசயனேட். ஒருமுறை உடம்பு அதற்கு ஒவ்வாமை பிடித்துக்கொண்டால் ஆஸ்துமா நிரந்தரமாகிவிடலாம். வாசனையை வைத்து எச்சரிக்கையாக இருக்கவும் முடியாது. தொழில்முறைக் கூடங்களில் வெளிக்காற்றைக் குழாய் வழியே தரும் முகமூடி அணிந்துதான் அடிக்கிறார்கள். நிறம் வரை வீட்டில் முடித்துவிட்டு, கிளியரை மட்டும் கார் பெயிண்ட் கூடத்தில் அடித்து வாங்குவதுதான் என் வழக்கம். நீங்கள் அடித்த பெயிண்ட் என்னவென்று முன்பே சொல்லி, அதோடு ஒத்துப்போகுமா என்று அந்தச் சோதனைக் குழாய்த் துண்டில் அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

வீட்டில் அடிப்பதென்றால் இரண்டு தூறல் கை, பிறகு இரண்டு ஈரக் கை. நன்றாக இறுகிய பின் 1500, 2000 நம்பரால் தண்ணீர் தொட்டுத் தேய்த்து, மெருகுப் பசையான காம்பவுண்டால் மெருகேற்றலாம். ஓரங்களைத் தேய்க்காமல் விடுங்கள். மேட் கிளியருக்கு இந்த வேலையே கிடையாது.

காயவிடுவதும் பூட்டுவதும்

தொட்டால் ஒட்டவில்லை என்பது காய்ந்ததற்கு அடையாளம் இல்லை. சாதாரணக் கேன் பெயிண்டுக்கு இரண்டு வாரமாவது கொடுங்கள். மூக்கைக் கிட்டே கொண்டுபோனால் கரைப்பான் வாசம் வந்தால் இன்னும் காயவில்லை. பாட்டம் பிராக்கெட்டின் அடியில், யார் கண்ணிலும் படாத இடத்தில், நகத்தை அழுத்திப் பாருங்கள். தடம் விழுந்தால் இன்னும் ஒரு வாரம். அவசரப்பட்டுச் சீட் கிளாம்ப்பை இறுக்கினால் அது பெயிண்டுக்குள் புதைந்துகொள்ளும்.

பூட்டும் முன், மரைகளில் எட்டிப் பார்த்த பெயிண்டை அதற்கான மரை வெட்டும் கருவியால் எடுத்து, கிரீஸ் தடவுங்கள். பி.எஸ்.ஏ. என்ற வகை மரை உள்ள பாட்டம் பிராக்கெட்டில் செயின் பக்கம் தலைகீழ் மரை என்பதை மறந்துவிடாதீர்கள்; அது கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் இறுகும். ஸ்டீல் ஃபிரேமின் குழாய்களுக்குள்ளே துருத் தடுப்பு எண்ணெய் தெளித்து எல்லாப் பக்கமும் சாய்த்து ஓடவிடுங்கள். வெளியே எவ்வளவு அழகாக இருந்தாலும் துரு உள்ளிருந்தும் வரும். கேபிள் உரசும் ஹெட் டியூப் ஓரத்திலும், செயின் துள்ளி அடிக்கும் வலது செயின் ஸ்டேயிலும் கண்ணாடி ஸ்டிக்கர் ஒட்டிவிடுங்கள். ரிப்பேர் ஸ்டாண்டில் மாட்டும்போது மேல் குழாயைப் பிடிக்காமல் சீட் போஸ்ட்டைப் பிடியுங்கள்.

கேனில் மிச்சமிருக்கும் நிறத்தை ஒரு மூடியில் அடித்து, கழுவிக் காயவைத்த நெயில் பாலிஷ் பாட்டிலில் ஊற்றி, ரால் எண்ணையும் தேதியையும் எழுதி ஒட்டிவையுங்கள். முதல் கீறல் பெரும்பாலும் சைக்கிளைப் பூட்டும் அன்றைக்கே, கையில் இருக்கும் ஸ்பேனரால்தான் விழும்.